தாத்தாவின் நாற்காலி: நீலப் பெயிண்டை உரித்து, பிரம்பு பின்னி முடித்த கதை

நேற்றுச் சாயங்காலம் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினார். அரை மணி நேரம் இருக்கும். அவர் எழுந்ததும் இருக்கையின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து நடுவில் அளந்து பார்த்தேன். இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் தொய்வு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளந்தபோது ஒரு நூல்தான் இருந்தது. பிரம்பு தாங்குகிறது. ஆவணியில் தொடங்கிய வேலை தையில் முடிந்திருக்கிறது. இடையில் இரண்டு முறை பிரித்து எறிந்தாயிற்று. இதே வேலையில் இறங்குகிறவர்கள் என்னைப் போல் காசையும் பிரம்பையும் வீணாக்க வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தாத்தா கிராமத் தபால் அலுவலகத்தைத் திண்ணையில் வைத்து நடத்தியவர். அவர் உட்கார்ந்த கைவைத்த நாற்காலி இது. தேக்கு. பின்னங்கால்கள் லேசாக வளைந்திருக்கும். முதுகில் நான்கு பட்டை. இருக்கையில் பிரம்புப் பின்னல். பின்னல் கிழிந்த பிறகு யாரோ மேலே பிளைவுட் வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். சித்தி கல்யாணத்தின்போது வீட்டு ஜன்னலுக்கு அடித்த நீல எனாமல் மிஞ்சியதை இதற்கும் அடித்தார்கள். பிறகும் இரண்டு தடவை அதன் மேலேயே. கடைசியில் மாட்டுக் கொட்டகையில் தவிட்டு மூட்டை வைக்கிற மணையாகக் கிடந்தது. இடது பின்னங்கால் ஆடியது. ஆனால் எங்கும் செல் அரிக்கவில்லை. தேக்கு தேக்குதான்.

முதலில் பிளைவுட்டைக் கழற்றினேன். பதினான்கு ஆணி. பதினொன்று குறடில் வந்துவிட்டது, மூன்று தலை உடைந்து உள்ளேயே நின்றது. அந்த மூன்றும் பழைய பின்னல் துளைகளின் வாயில்தான் இறங்கியிருந்தன. பலகை போனதும் சட்டத்தைச் சுற்றிலும் துளைகள் தெரிந்தன. பாதி துளையில் பெயிண்ட், சிலவற்றில் பழைய பிரம்பின் நுனி கறுத்துப்போய் அப்படியே.

அடுத்து பெயிண்ட் உரிப்பது. இங்கேதான் முதல் தப்பு. பழைய இரும்பு கேட்டுக்குக் காஸ்டிக் சோடா போட்டு உரித்ததைப் பார்த்திருக்கிறேன். எழுபது ரூபாய்க்கு வாங்கி, தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு வலது முன்னங்காலில் மட்டும் தடவிப் பார்த்தேன். பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்தது, உண்மைதான். கழுவிக் காயவைத்தால் அடியில் இருந்த தேக்கு, அடுப்புக்கரி பட்ட மாதிரி கறுத்துவிட்டது. காரம் பட்டால் தேக்கு கறுக்கும், நாரும் மேலெழுந்து சொரசொரப்பாகிவிடும். வினிகர் கலந்த தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலை இரண்டு முறை பூசினேன். முக்கால் பங்கு வெளுத்தது. கால்வாசிக் கறுப்பு இன்னும் இருக்கிறது. பாலிஷ் போட்ட பிறகும் அந்தக் காலை மட்டும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். மரத்துக்குக் காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர், சூடான காற்றை ஊதிப் பெயிண்டை இளக்குகிற ஹாட் கன் தருகிறேன் என்றார். வாங்கவில்லை. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பெயிண்ட் அதற்கு வெகு காலம் முந்தியது. சூடாக்கினால் புகை, காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டால் தூசி. வீட்டில் தங்கையின் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கிறது, எது கையில் பட்டாலும் வாயில் வைக்கிற வயசு. அதனால் பெயிண்ட் ரிமூவர் வாங்கி, கொல்லையில், கிணற்றடியைத் தாண்டி வைத்துக்கொண்டு செய்தேன். ஒரு லிட்டர் டின் 420 ரூபாய், இரண்டு டின் பிடித்தது. தடிமனாகப் பூசி, மேலே பழைய பாலிதீன் பையைப் போர்த்தி அரை மணி விட்டால் பெயிண்ட் பால் ஏடு மாதிரி சுருங்கும். இதில் பொறுமை வேண்டும். பத்து நிமிஷத்தில் சுரண்டினால் மேல் பூச்சு மட்டும்தான் வரும். முனை மழுங்கிய புட்டி பிளேடால் நார் போகிற திசையில் சுரண்டினேன். கடைந்த இடங்களில் தேங்காய் நாரைச் சுருட்டித் தேய்த்தது, கம்பி பிரஷ்ஷைவிட நன்றாக வந்தது. கம்பி பிரஷ் தேக்கைக் கீறிவிடும். சுரண்டியதையெல்லாம் செய்தித்தாளில் மடித்துப் பையில் கட்டிவிட்டேன், மண்ணில் போடவில்லை. ரிமூவர் வாடை தலையைச் சுற்றும். காற்று வாடையை முகத்தில் அடிக்கிற பக்கம் உட்காராதீர்கள்.

சட்டத்தின் அடிப்பக்கத்தைச் சுரண்டும்போது ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு பக்கத்திலும் உளியால் கீறிய கோடுகள். ஒரு மூட்டில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, மூன்று, நான்கு. எந்தக் கழுந்து (துளைக்குள் நுழைகிற கட்டை முனை) எந்தத் துளைக்கு என்று மாறிவிடாமல் இருக்க, செய்த ஆசாரி போட்ட குறி. ஒவ்வொரு கழுந்தையும் அதனதன் துளைக்கென்றே இழைத்திருக்கிறார். நான்காம் கோட்டுக் கீறல் மட்டும் கொஞ்சம் ஆழம், உளி வழுக்கியிருக்கிறது. அந்தக் கோடுகள் மேல் உப்புத்தாள் படாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆடிய கால் மூன்றுகோட்டு மூட்டு. மூங்கில் ஆணி போட்டு இறுக்கியிருந்தார்கள். ஆணியை எதிர்ப்பக்கமிருந்து மெல்லிய இரும்புக் குச்சியால் தட்டினால் வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. நடுவில் சின்ன பிட்டால் துளை போட்டு, மிச்சத்தை ஊசி உளியால் நெம்பி எடுத்தேன். உள்ளே வச்சிரம் என்கிற அந்தக் காலப் பசை, கண்ணாடி மாதிரி வெடித்துக் கிடந்தது. வச்சிரத்துக்கு மேலே ஃபெவிகால் போட்டால் பிடிக்காது. சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் பசை இளகி வழவழவென்று வருகிறது. துடைத்து, இரண்டு நாள் காயவிட்டேன். கழுந்து துளைக்குள் கால் நூல் அளவுக்குத் தளர்ந்திருந்தது. தேக்குச் சீவலை ஒரு பக்கம் ஒட்டி, காய்ந்ததும் இழைத்துச் சரிசெய்தேன். பெரிய கிளாம்ப் என்னிடம் இல்லை. கொடிக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினேன். கயிறு படும் விளிம்பில் மடித்த அட்டை. ஒரு நாள் முழுக்க அப்படியே. புது மூங்கில் ஆணி, வாசல் பந்தல் மூங்கிலில் சீவியது. அந்தக் கால் இப்போது அசையவில்லை.

உப்புத்தாள் 80, 120, 220 என்ற வரிசை, எண் கூடக் கூடத் தாள் நைசு. 120 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவைத்தால் நார் எழுந்து நிற்கும், அதற்கு மேல் 220 போட வேண்டும். இதை விட்டால் பாலிஷ் போட்டதும் அந்த நார் எழும்பி கையில் உறுத்தும். கைப்பிடியின் நுனியில், தாத்தாவின் உள்ளங்கை பட்ட இடத்தில், மரம் ஏற்கெனவே குழிந்து வழுவழுப்பாக இருந்தது. அங்கே நான் எதுவும் தேய்க்கவில்லை.

பின்னலுக்கு முன்பே பாலிஷ் முடிந்துவிட வேண்டும். பிரம்பில் பாலிஷ் ஒழுகினால் துடைக்க முடியாது. அரக்கு பாலிஷ்தான் போட்டேன். ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் பூச்சி உண்டாக்குகிற அரக்கு, அவல் மாதிரி தகடாக வரும். 150 கிராம் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் ராத்திரி ஊறவைத்து, காலையில் வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினேன். பஞ்சை உருட்டி அதே வேட்டித் துணியில் கட்டினால் பாலிஷ் முட்டு. முதல் மூன்று பூச்சு அருமையாக வந்தது. நான்காவது நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான் நிறுத்தாமல் போட்டேன். மறுநாள் காலையில் கைப்பிடி முழுக்க வெள்ளை பூத்திருந்தது, கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி. காற்றில் ஈரம் இருக்கும்போது ஸ்பிரிட் ஆவியாகி மேற்பரப்பு குளிர்ந்தால் ஈரம் அரக்கில் சிக்கிக்கொள்கிறது. நல்ல வேளையாக இதற்கு மாற்று எளிது. வெயில் வந்த நாளில் வெறும் ஸ்பிரிட் தொட்ட முட்டால் லேசாக ஒரு இழுப்பு, வெள்ளை மறைந்துவிட்டது. ஆனால் வெயிலுக்காகப் பதினேழு நாள் காத்திருந்தேன். மொத்தம் ஒன்பது பூச்சு.

இனி பிரம்பு. இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, நான் அதிகம் தடுமாறியதும் இதில்தான்.

சீர்காழி தாண்டிக் கொள்ளிடம் போகிற வழியில் தைக்கால் இருக்கிறது. சாலை ஓரம் முழுக்கப் பிரம்பு ஊஞ்சல், சோபா, தொட்டில். மயிலாடுதுறையிலிருந்து பைக்கில் போய், பிரம்புத் தோல் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். 450 ரூபாய். அவர்கள் மூட்டில் சுற்றிக் கட்டுவதற்கு வைத்திருக்கிற தோல் அது, கையால் சீவியது, அரை அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலம். "கட்டுறதுக்குத்தானே?" என்று கடைக்காரர் கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தக் கேள்வியை அங்கேயே காதில் வாங்கியிருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

அதை வைத்து இரண்டு தடவை பின்னினேன். முதல் தடவை ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் பிரம்பு சாம்பல் நிறமாகி, மடக்கினால் நார் நாராகப் பிரிந்தது. இரண்டாம் தடவை அளவாக ஊறவைத்தேன். பின்னல் ஆறு கட்டமாகப் போக வேண்டும், நான்கு கட்டம் வரை வந்தது. ஐந்தாவது கட்டத்தில் குறுக்குச் சாய்வாக ஓட்ட வேண்டிய பிரம்பு நுழையவே இடமில்லை. துளையில் ஏற்கெனவே இருப்பதே அடைத்துக்கொண்டு நின்றது. குறடால் இழுத்தேன், பிரம்பு முறிந்தது. கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன்.

அப்போதுதான் நண்பர் ஒருவர், முன்பு அரசு அலுவலக நாற்காலிகளுக்கெல்லாம் பிரம்பு பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். அவருக்குப் பார்வை கிடையாது. சிறு வயதிலேயே பயிற்சி மையத்தில் இந்தத் தொழிலைக் கற்றவர். நம்மூரில் பார்வையற்றவர்கள் பலர் நாற்காலி பின்னுவதைத் தொழிலாக வைத்திருந்தார்கள். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் ஒயர் ஆகிவிட்டதால் வேலை இல்லை என்றார். நாற்காலியை அவர் முன்னால் வைத்தேன். சட்டத்தில் கட்டைவிரலை ஓட்டினார். ஒரு துளைக்குள் சுண்டுவிரல் நுனியைக் கொடுத்துப் பார்த்தார். பக்கத்துத் துளைக்கும் இதற்கும் இடையை நகத்தால் அளந்தார்.

"ஒன்றரை நூல் துளை, நாலு நூல் இடைவெளி. இதுக்கு இரண்டேகால் மில்லித் தோல்தான் தம்பி. நீங்க கொண்டுவந்தது கட்டிலுக்கே ஜாஸ்தி" என்றார்.

துளைதான் பிரம்பின் அளவைச் சொல்கிறது. எட்டு நூல் ஓர் அங்குலம். துளைக்குத் துளை மையத்திலிருந்து மையம் நான்கு நூல், அதாவது அரை அங்குலம் என்றால் இரண்டேகால் மில்லி. ஐந்து நூல் இடைவெளிக்கு இரண்டரை மில்லி. ஆறு நூலுக்கு மூன்று மில்லி. ஒவ்வொரு துளையிலும் கடைசியில் ஆறு பிரம்பு வரை நுழைந்தாக வேண்டும், அதைக் கணக்கில் வைத்துத்தான் இந்த அளவுகள். எந்தக் கடைக்குப் போவதற்கு முன்பும் முதலில் ஸ்கேலை எடுத்துத் துளையை அளந்துவிடுங்கள்.

மெஷினில் சீவிய இரண்டேகால் மில்லித் தோல் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. ஒரு கட்டு ஏறக்குறைய 300 மீட்டர், 1,150 ரூபாய், பார்சல் 80. என் இருக்கைக்கு முன்பக்கம் 33 துளை, பின்பக்கம் 29, பக்கவாட்டில் 29, 29, மூலைக்கு ஒன்றாக நான்கு. மொத்தம் 124. செலவானது நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

பெரியவர் இரண்டு காலைப்பொழுது உடன் உட்கார்ந்தார். முதலில் பிரம்பைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கிடையில் இழுக்கச் சொன்னார். ஒரு திசையில் வழுக்கிப் போகிறது, மறு திசையில் கணு வருகிற இடமெல்லாம் நகத்தில் தட்டுகிறது. தட்டாத திசையில்தான் எப்போதும் இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் பின்னலுக்குள் ஒவ்வொரு கணுவும் அடுத்த பிரம்பைச் சுரண்டிக்கொண்டு போகும், தோலும் உரியும். பளபளப்புப் பக்கம் மேலே. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறினால் போதும். நான்கு நான்காக ஊறவைத்து, தீர்ந்ததும் அடுத்த நான்கு.

துளைகளைச் சுத்தம் செய்ய ஒன்றரை நூல் பிட்டைக் கையாலேயே திருப்பினேன், மெஷினில் போடவில்லை. முறிந்த ஆணி மூன்றையும் பக்கத்தில் சிறு துளை போட்டு நெம்பி எடுத்து, மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து, மறுபடி துளைத்தேன். பிரம்பை இடத்தில் நிறுத்த மூங்கிலில் சீவிய இருபது முளைக்குச்சி.

நெசவில் சொல்வது போலப் பாவு, ஊடை என்று வைத்துக்கொள்கிறேன். முதல் கட்டம், பின்னாலிருந்து முன்னால் ஒரு பாவு. இதை இடது ஓரத்தில் தொடங்கக்கூடாது, நடுத்துளையில் தொடங்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட அகலம் என்பதால் ஓரத்தில் தொடங்கினால் கோடெல்லாம் சாய்ந்துவிடும். நடுவிலிருந்து இரு பக்கமும் போனால் கடைசியில் முன்பக்கத்தில் மிஞ்சுகிற இரண்டு இரண்டு துளைக்கும் பிரம்பு பக்கவாட்டுச் சட்டத்தில் போய் முடியும். இரண்டாம் கட்டம், அதன் மேல் குறுக்கே ஊடை, பின்னாமல் சும்மா மேலே போடுவது. மூன்றாவது, மறுபடி ஒரு பாவு, முதல் பாவின் வலப்பக்கம் ஒட்டினாற்போல. நான்காவதில்தான் பின்னல் தொடங்குகிறது. இரண்டாவது ஊடை, மூன்றாம் கட்டப் பிரம்பின் மேலேயும் முதலாவதின் கீழேயுமாகப் போகிறது. இது முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, இரண்டு குச்சியால் ஒவ்வொரு ஜோடியையும் நெருக்கிச் சின்னச் சின்னச் சதுரமாக்க வேண்டும். அந்த ஒரு வேலைக்கே எனக்கு மூன்று மணி நேரம் ஆனது.

ஐந்தாவதும் ஆறாவதும் சாய்வு. ஒரு சாய்வு பாவு ஜோடியின் மேல், ஊடை ஜோடியின் கீழ். எதிர்ச் சாய்வு அதற்கு நேர்மாறு. சரியாகப் போனால் பிரம்பு சதுரத்தின் மூலையில் போய்த் தானாக உட்கார்ந்துகொள்கிறது, இழுத்தால் வழுக்கி வருகிறது. மாற்றிப் போட்டால் ஒவ்வொரு சந்திப்பிலும் கடித்துக்கொண்டு நிற்கும். பெரியவர் பின்னல் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பார், நான் இழுக்கும் சத்தத்தை வைத்தே "மூணாவது சதுரத்துல தப்பு, பிரிங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, முதல் இரண்டு கட்டத்தை இறுக்கக்கூடாது என்பது. விரலால் நடுவில் அழுத்தினால் முக்கால் அங்குலம் இறங்க வேண்டும். நான் முன்பு வீணை நரம்பு மாதிரி இழுத்துக் கட்டியிருந்தேன். மேலே வருகிற ஒவ்வொரு பிரம்பும் கீழே இருப்பதை இறுக்கும், பிறகு காயும்போது இன்னும் இறுகும்.

கடைசியாக விளிம்பில் அகலமான ஒரு பிரம்பை வைத்து, துளைக்குத் துளை மெல்லியதால் தைத்து மூடினேன். மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம், ஒன்பது நாளில். இரண்டு நாள் நிழலில் காய்ந்த பிறகு விரலால் சுண்டினால் கஞ்சிரா மாதிரி ஒலித்தது.

செலவு: காஸ்டிக் சோடா 70, ஆக்ஸாலிக் ஆசிட் 60, ரிமூவர் 840, கையுறை 100, உப்புத்தாள் 210, ஃபெவிகால் 110, பிட்டுகள் 120, அரக்கு 350, ஸ்பிரிட் 180, வீணான பிரம்பு 450, நல்ல பிரம்பு பார்சலோடு 1,230. பெரியவர் காசு வேண்டாம் என்றார், வற்புறுத்தி 500 கொடுத்தேன், அவர் நேரத்துக்கு அது குறைவுதான். ஆக 4,220 ரூபாய். தப்புகள் இல்லாமல் செய்திருந்தால் 3,640.

அடுத்த முறை பாலிஷ் வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்வேன். உப்புத்தாளை 180-லும் ஒரு சுற்று போடுவேன், 120-லிருந்து 220-க்குத் தாவியதில் முதுகுப் பட்டையில் மெல்லிய கீறல் தெரிகிறது. பின்னும்போது நாற்காலியைத் தரையில் வைத்துக் குனிந்து செய்தது இடுப்பைப் பிடித்துவிட்டது. மேஜை மேல் தூக்கி வைத்துவிட்டால் போதும். பின்பக்க இடது மூலையில் ஒரு சாய்வுப் பிரம்பு பக்கத்துத் துளைக்குப் போய்விட்டது. விளிம்பு தைத்த பிறகுதான் கண்ணில் பட்டது, விட்டுவிட்டேன். பெரியவரிடம் நாற்காலியைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் விரல் நேராக அந்த மூலையில் போய் நின்றது.

வாங்கிய பிரம்பில் இன்னும் இருநூறு மீட்டர் மிச்சம் இருக்கிறது. அத்தை வீட்டில் இதே மாதிரி இரண்டு நாற்காலி பிளைவுட் அடித்துக் கிடக்கிறதாம். துளை இடைவெளியை அளந்து சொல்லுங்கள் என்று போனில் கேட்டிருக்கிறேன்.